தேங்காயெண்ணெய் ஊற்றிய பாட்டில்

குழந்தைவேல் ஆபரேஷன் செய்துகொண்டது பெண்டாட்டி மேல் இருந்த ஆசையால்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவன் நடந்துகொண்டதைக் கேட்டால் கல்நெஞ்சன் என்று தோன்றும். கல்நெஞ்சன் எல்லாம் இல்லை. ஊரில் இருக்கிற புருஷன்மாரைப் போல அவனும் ஒரு புருஷன். அவளுக்கு எமனாக அதுவே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது பிரசவத்தில் செங்கமலம் செத்துப் பிழைத்தாள். உதிரம் நிற்கவே இல்லை. மந்தாரக்குப்பத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் தனபாக்கியம் விடிய விடியப் போராடிவிட்டு வெளியே வந்து, "இன்னொரு பிள்ளையை இந்த உடம்பு தாங்காதுப்பா. பார்த்து நடந்துக்கோ" என்றார். அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் குழந்தைவேலுக்குப் பயம் வந்தது.

கம்மாபுரம் பக்கத்தில் அவன் அப்பன் வைத்திருந்த நிலம் நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கிடைத்த வேலைதான் அவன் பார்த்தது. மைன்ஸில் மண் சுமந்து ஓடும் ராட்சத பெல்ட் பக்கத்தில் நின்று, சிதறி விழுவதை வாரி மேலே போட வேண்டும். வேலை பர்மனென்ட். டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு முருங்கை. மூத்தவள் ருக்குமணிக்கு எட்டு வயது. அடுத்தவன் கொளஞ்சிநாதன். மூன்றாவது, தாயைக் கொல்லப் பார்த்த அந்தக் கைக்குழந்தை. அவன் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: இந்த வீட்டில் இவள் உயிரோடு இருக்க வேண்டும்.

அறுபத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்து, பள்ளிக்கூடக் கொட்டகையில் குடும்பக் கட்டுப்பாடு கேம்ப் போட்டார்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டி பிளாக் பிளாக்காகச் சுற்றியது. ஆண்கள் அதைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போனார்கள். குழந்தைவேல் பெயர் கொடுத்துவிட்டான்.

அவனோடு பெல்ட்டில் நிற்கும் மாடசாமி திருநெல்வேலிக்காரன். வாய் சும்மா இருக்காது. "ஏலே, காளைக்குக் காயடிக்காவளாம், நீயும் வரிசையில நிக்கியாக்கும்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டான்.

"எம் பொண்டாட்டி உசுரோட இருக்கணும்டா. நீ சிரிச்சிக்கினு போ" என்றான் குழந்தைவேல். அன்றைக்கு அவன் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னான்.

ஆபரேஷன் வலிக்கவில்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வெளியே வரும் வழியில் ஒரு மேஜை போட்டு நர்ஸ் கஸ்தூரியம்மாள் உட்கார்ந்திருந்தார். அவன் தங்கை வயசு இருக்கும். ஒரு பாட்டிலை எடுத்து அவன் முன்னால் வைத்து, கணக்குப் பாடம் நடத்துகிற மாதிரி சொன்னார்: "மூணு மாசத்துக்கு ஜாக்கிரதையா இருக்கணுங்க. பழசு உள்ளயே தங்கியிருக்கும். மூணு மாசம் ஆனதும் இந்த பாட்டில்ல பிடிச்சு ஆஸ்பத்திரியில கொண்டுவந்து கொடுங்க. சோதிச்சுப் பார்த்து, இனிமே பயமில்லைன்னு சொல்வாங்க."

எதைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்பது மண்டையில் ஏறியதும் குழந்தைவேலுக்குக் காது இரண்டும் தீயாகச் சுட்டன. ஒரு பொம்பிளைப் பிள்ளை, அதுவும் இவ்வளவு பேர் நிற்கிற இடத்தில், முகத்துக்கு நேராக இதைச் சொல்கிறதே! அப்புறம் அவர் சொன்னது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டினான். பாட்டிலைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, தையல் போட்ட உடம்போடு ஏறக்குறைய ஓடினான்.

தையல் பிரித்தார்கள், ட்யூட்டிக்குப் போகலாம் என்றார்கள். மைன்ஸில் வேலை செய்கிறவனுக்கு அதற்கு மேல் ஆஸ்பத்திரியில் என்ன இருக்கிறது? அடிபட்டால் போவான், வேலைக்குப் போ என்றால் வந்துவிடுவான். நன்றாக இருக்கிற உடம்பைக் காட்ட எவனாவது ஷிப்டைக் கெடுத்துக்கொண்டு போவானா? அதுவும் அப்படி ஒரு பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு?

செங்கமலம் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இது என்னா மாமா?" என்று கேட்டாள்.

"கேம்ப்புல குடுத்தாங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். எதுக்குனா வச்சிக்க."

அகல வாய், இறுக்கமான ரப்பர் மூடி. நல்ல பாட்டில். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் தேங்காயெண்ணெய் ஊற்றி மாடத்தில் வைத்துக்கொண்டாள். "சர்க்காரு நமக்கு எண்ண பாட்டில் குடுத்துருக்கு" என்று கனகத்திடம் சொல்லிச் சிரித்தாள். கனகம் பக்கத்து வீட்டுக்காரி, தஞ்சாவூர்ப் பக்கம். அவளும் சிரித்தாள்.

அந்த மாசியும் பங்குனியும் அந்த வீட்டில் நன்றாகத்தான் போயின. ஒரு வருஷமாகச் சுவர் ஓரம் ஒதுங்கிப் படுத்துக்கொண்டிருந்தவள் பயம் விட்டுச் சிரித்துப் பேசினாள். ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு வாசலில் நின்று வெந்நீர் எடுத்து ஊற்றினாள். பாவம், அது கொஞ்ச நாள்தான்.

சித்திரை வெயிலில் அவளுக்கு வாந்தி வந்தது. உடம்புச் சூடு என்று மோர் குடித்தாள். அடுத்த மாசமும் குளிக்காமல் போனதும்தான் அவனிடம் சொன்னாள். அவன் குழாயடியில் குனிந்து முதுகில் படிந்திருந்த மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மாமா, நாளு தள்ளிப் போயிருக்கு."

முதலில் அவன் சிரித்தான். "அது எப்பிடி?"

"எனக்கு என்னா தெரியும்? அறுத்துக்கினு வந்தது நீ. நீதான் சொல்லணும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். பயந்திருந்தாள், அதனால் விளையாட்டாகச் சொன்னாள். அவளுக்கு அப்போது மனசில் இருந்த பயமெல்லாம் பிரசவத்தைப் பற்றியது. இன்னொரு பயம் தன்னைத் தேடிக்கொண்டு வருகிறது என்று அவளுக்குத் தெரியாது.

பிளாக்கில் ஒருத்தி வாந்தி எடுத்தால் மைன்ஸ் வரைக்கும் போய்விடும். மாடசாமி பெல்ட் பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு, "ஏலே, வால்வ அடைச்சாச்சி, ஆனாலும் கொளத்துல தண்ணி ஏறிக்கிட்டேதான இருக்கு. எந்த பம்புலேருந்துடே வருது?" என்றான். ராப்பகலாகப் பம்பு போட்டுத் தண்ணீர் இறைக்கிற சுரங்கம் அது. பம்பும் வால்வும் அங்கே எல்லோருக்கும் தெரியும். அத்தனை பேரும் சிரித்தார்கள். மாடசாமி அதை அன்றைக்கே மறந்திருப்பான். குழந்தைவேலுக்கு ஷிப்ட் முடிகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எவன்?"

"என்னா கேட்ட?"

"எவன்னு கேட்டேன்."

முறம் அப்படியே நின்றது. அவள் கத்தவில்லை, அழவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "வா, மணவாளநல்லூருக்குப் போவோம். கொளஞ்சியப்பர் சன்னதியில கற்பூரத்த அடிச்சி சத்தியம் பண்றேன்" என்றாள்.

"எனக்கு ஷிப்ட் இருக்கு."

அவள் தனியாகப் போனாள். கோர்ட்டுக்குப் போக வழியில்லாதவர்கள் தங்கள் வழக்கை எழுதிக் கொளஞ்சியப்பர் முன்னால் பிராது கட்டிவிட்டு வருவார்கள். அந்தச் சீமையில் வழிவழியாக இருக்கிற பழக்கம் அது. அவளும் பிராது கட்டிவிட்டு வந்தாள். யார் மேல் கட்டினாள் என்று அவள் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம் அவள்தான் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் தனபாக்கியத்திடம் போனாள். அவளுக்கு இரண்டு வேலை ஆக வேண்டியிருந்தது. வயிற்றில் இருப்பதை எடுத்தால் உயிர் பிழைப்பாள். அது எப்படி வந்தது என்று டாக்டர் வாயாலேயே சொல்லிவிட்டால் மானம் பிழைக்கும்.

டாக்டர் அவளைச் சோதித்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. அப்புறம் குழந்தைவேலை உள்ளே கூப்பிட்டார். மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நர்ஸ் மருந்து அளந்துகொண்டிருந்தது.

"நீங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்க, சரி. அப்புறம் அங்க சொன்னபடி ஜாக்கிரதையா இருந்து, மூணு மாசம் கழிச்சு சோதனைக்கும் கொடுத்தீங்களா?"

செங்கமலம் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் சொன்னபடி செய்வாருங்க. எதையும் விட மாட்டாரு."

அவள் அவனை நம்பித்தான் சொன்னாள். டாக்டர் அவனைப் பார்த்தார். நர்ஸும் நிமிர்ந்து பார்த்தது. இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் அந்தப் பாட்டிலைப் பற்றிப் பேச வேண்டும். அது இப்போது வீட்டு மாடத்தில் எண்ணெயோடு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்று பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டு சொல்ல வேண்டும். குழந்தைவேல் தலையை ஆட்டினான்.

டாக்டர் முகம் மாறிப்போயிற்று. "அப்போ இது வர வழியில்லையே" என்றார் மெதுவாக. பிறகு செங்கமலத்தைப் பார்த்தார். அது முன்பு பார்த்த பார்வை இல்லை.

தன் பொய்யை டாக்டர் திருப்பிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, டாக்டரே சொல்லிவிட்டார் என்று நம்பினான் அவன். அப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்றால், இருந்தான். சோதனை என்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் திருப்திக்காகக் கேட்பது, கத்தி வைத்தால் வைத்ததுதானே என்பது அவன் நினைப்பு. அந்த நினைப்புக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று முள்ளாக நெருடியதும் உண்டு. அதை அவன் தொட்டுப் பார்க்கவில்லை.

"அம்மா, எப்பிடி வந்துச்சோ வந்துச்சி. எடுத்துடுங்கம்மா" என்றாள் செங்கமலம். "இன்னொன்ன தாங்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன், தாங்காது. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. வெள்ளைக்காரன் போட்டது. எடுக்காட்டா தாய் செத்துப்போவான்னு உறுதியானாத்தான் டாக்டர் தொடலாம். இல்லாம தொட்டா எனக்கும் ஜெயில், உனக்கும் ஜெயில். நீ இன்னிக்கு பஸ் ஏறி, நடந்து வந்து எம் முன்னாடி உட்கார்ந்திருக்கே. சாகப்போறேன்னு நான் எப்படி எழுதறது?"

"அப்போ படுத்துக்கினு வரணுமாம்மா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். சட்டத்தை மாற்றலாமா என்று பார்க்க டெல்லியில் கமிட்டி போட்டிருக்கிறார்கள், நாடு முழுவதும் கருத்துக் கேட்கிறார்கள் என்றார். அதெல்லாம் முடிவதற்குள் உனக்குக் குழந்தை பிறந்துவிடும் என்றும் அவரே சொன்னார். பிறகு குழந்தைவேல் பக்கம் திரும்பினார். "கடலூர்ல எனக்குத் தெரிஞ்ச பெரிய டாக்டர் இருக்கார். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினா வழி பிறக்கலாம். ஆனா புருஷன் நீங்க கூட வந்து நின்னு கையெழுத்துப் போடணும். நீங்க இல்லாம அவர் தொட மாட்டார்."

"யோசிச்சி சொல்றங்க" என்றான்.

அவன் யோசிக்கவில்லை. யார் பிள்ளைக்கோ நான் ஏன் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தினமும் அவன் முகத்தைப் பார்த்தாள். சோறு போடும்போது பார்த்தாள். ஷிப்டுக்குப் போகும்போது பார்த்தாள். வாரங்கள் ஓடின. கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோய், கேட்பதையும் விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மனமகிழ் மன்றத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். டெல்லிக் கமிட்டி பற்றிப் பேப்பரில் வந்து, கேண்டீனிலும் யூனியன் ஆபீசிலும் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம். 'கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தரலாமா, கூடாதா?' என்று தலைப்பு. நடுவர் சிதம்பரத்திலிருந்து வந்த புலவர் குஞ்சிதபாதம். மேடையில் ஆறு நாற்காலி. அதில் ஐந்தில் ஆண்கள். ஒன்றில் டாக்டர் தனபாக்கியம். கூட்டம் ஜேஜே என்றிருந்தது. ஆண்கள் பெஞ்சில், பெண்கள் பாயில். செங்கமலம் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாயின் ஓரத்தில் இருந்தாள். டாக்டரம்மா ஏதாவது வழி சொல்வார் என்று கனகம் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

டாக்டருக்கு மேடைப்பேச்சு வரவில்லை. தாளைப் பார்த்துப் பார்த்துத் திக்கினார். "காட்டுக்குள்ள குச்சியை வெச்சு, எருக்கம்பாலை வெச்சு பெண்கள் செத்துக்கிட்டிருக்காங்க. சட்டம் இருக்கறதால அவங்க கருவைக் கலைக்காம விடறதில்லை. எங்ககிட்ட வராம விடறாங்க. அவ்வளவுதான்" என்றார். அது அத்தனையும் நிஜம். ஒருவரும் கை தட்டவில்லை. பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

எதிரணியில் விருத்தாசலத்து வக்கீல் ஒருவர். வெண்கலக் குரல். துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார். தாய்மை என்றார், தெய்வம் என்றார், கற்பு என்றார். கடைசியில், "கணவனுக்குத் தெரியாமல் வந்ததை ஊருக்குத் தெரியாமல் போக்கிக்கொள்ள ஒரு சட்டமா? அந்தச் சட்டம் இந்த மண்ணுக்குத் தேவையா?" என்று கேட்டு நிறுத்தினார்.

கொட்டகை அதிர்ந்தது. மாடசாமி விசில் அடித்தான். குழந்தைவேலும் கை தட்டினான். தன் மனசில் இருந்ததை ஒரு படித்த மனுஷன் மைக்கில் சொல்லிவிட்டாரே என்று, கை சிவக்கத் தட்டினான். தட்டிக்கொண்டே எதேச்சையாகத் திரும்பினான். பெண்கள் பக்கத்திலிருந்து செங்கமலம் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை அப்போதும் உடனே நிற்கவில்லை. இன்னும் இரண்டு தடவை தட்டிவிட்டுத்தான் நின்றது.

சட்டம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று புலவர் தீர்ப்புச் சொன்னார். எல்லோருக்கும் திருப்தி. யாருடைய வயிற்றைப் பற்றிப் பேசினார்களோ, அது பாயைவிட்டு எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது.

வழியில் அவள் கேட்டாள். "நீயும் கை தட்டுன."

"எல்லாரும்தான் தட்டுனாங்க."

"எல்லாரும் எம் புருஷன் இல்ல மாமா."

அதுதான் அவள் அவனிடம் கடைசியாகப் போட்ட சண்டை. அதைச் சண்டை என்று சொன்னால்.

மறு வாரம், அவன் காலை ஷிப்டில் இருந்தபோது, பிள்ளைகளைக் கனகத்திடம் விட்டுவிட்டுக் காடாம்புலியூருக்குப் பஸ் ஏறினாள். அவள் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். பலாப்பழக் காலம், அம்மா வீட்டில் பழம் வெட்டியிருப்பார்கள், வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றாள். அம்மா வீட்டுக்கு அவள் போகவே இல்லை. முந்திரிக்காட்டு ஓரத்தில் குடியிருந்த ஒருத்தியிடம் போனாள். போனதும் வந்ததும் அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் சொன்ன வார்த்தை தவறக் கூடாது என்று, அந்த உடம்போடு, சாலையில் நின்று ஒரு பலாப்பழம் வாங்கிச் சுமந்துகொண்டு வந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

குழந்தைவேல் ஷிப்ட் முடிந்து வந்தபோது வீடெல்லாம் பலாப்பழ வாசனை. பிள்ளைகள் வாயெல்லாம் பிசுக்காகத் தின்றுகொண்டிருந்தன. அவனும் உட்கார்ந்து தின்றான். செங்கமலம் சுவரில் சாய்ந்து, சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏம்மா திங்கல?" என்று ருக்குமணி கேட்டது.

"வயிறு சரியில்லடி. நீ துன்னு."

மறுநாள் காய்ச்சல் அடித்தது. அவன் என்ன என்று கேட்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் யார் யாரைக் கேட்பது? ஷிப்டுக்குப் போய்விட்டான். அதற்கும் மறுநாள் பெல்ட் பக்கத்தில் நின்றவனுக்கு டைம் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. கனகம் மைன்ஸ் வாசல் வரைக்கும் ஓடி வந்து சொல்லி அனுப்பியிருந்தாள்.

வாடகைக் காரில் கிளினிக்குக் கொண்டுபோனார்கள். போர்வையைத் தூக்கிப் பார்த்த டாக்டர் தனபாக்கியம், "ஐயோ பாவி மகளே" என்று தலையில் அடித்துக்கொண்டார். இப்போது அவளைத் தொடச் சட்டம் இடம் கொடுத்தது. அவள் நடந்து வரவில்லை, படுத்துக்கொண்டு வந்திருந்தாள். சாகப்போகிறவள் என்று தாராளமாக எழுதலாம். எழுதி என்ன பிரயோசனம்? விஷம் உடம்பு முழுக்க ஏறிவிட்டிருந்தது.

மத்தியானம் கொஞ்சம் நினைவு திரும்பியது. அவன் கட்டில் பக்கத்தில் நின்றான்.

"மாமா, அது ஒன்னுதுதான்" என்றாள்.

அவன் சொல்லியிருக்கலாம். தெரியும் செங்கு என்று ஒரு வார்த்தை. பொய்யாகவாவது ஒரு வார்த்தை. சாகிறவளிடம் பொய் சொல்ல அவனுக்கு என்ன கேடு? வாழ்கிறவர்கள் முன்னால் தலையாட்டிப் பொய் சொன்னவன்தானே? வாயே வரவில்லை. அவள் காத்திருந்தாள். அப்புறம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாயங்காலச் சங்கு ஊதும்போது அவள் இல்லை.

அவளுக்கு ஒரு வழியும் காட்டாத சட்டம் அவள் செத்ததும் சைக்கிள் ஏறி வீட்டுக்கு வந்தது. கருவைக் கலைத்தது யார், புருஷனுக்குத் தெரிந்து நடந்ததா என்று போலீஸ்காரர் கேட்டார். முந்திரிக்காட்டுக்காரி ஊரை விட்டே போய்விட்டிருந்தாள். "புருஷன் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவருங்க" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். போலீஸ்காரர் அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டார். அந்தப் பார்வையைப் பிளாக் முழுவதும் பார்த்தது.

கைக்குழந்தையை அவன் தங்கை சாமியம்மாள் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ருக்குமணி ஸ்டூல் போட்டு ஏறிச் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டது. தண்ணீர் பிடிக்க மட்டும் குழாயடிக்குப் போக மறுத்தது. ஏன் என்றால் சொல்லாது. கனகம்தான் ஒரு நாள் சொன்னாள். "ஒங்க ஆத்தா எவன் புள்ளையையோ சொமந்தவளாமேன்னு பெரிய பிள்ளைங்க கேக்கறதுங்க. அது எப்படிப் போகும்?"

மறு வருஷம் தை வந்தது. எலெக்ஷன் நேரம். சுவரெல்லாம் சின்னம் வரைந்திருந்தார்கள். அதே பள்ளிக்கூடக் கொட்டகையில் மறுபடியும் கேம்ப். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து மாடசாமி அவன் பக்கத்தில் வந்து தயங்கி நின்றான்.

"கொழந்தவேலு, ஆறு பிள்ளையாச்சுடே. நானும் பேர் குடுத்துருக்கேன். ஒத்தையில போவ ஒரு மாதிரியா இருக்கு. கூட வாரியா?"

போனான். ஆபரேஷன் முடிந்து கால் அகட்டி நடந்து வந்த மாடசாமியைத் தாங்கிக்கொண்டு வந்து மேஜை முன்னால் நிறுத்தினான். அதே கஸ்தூரியம்மாள். அதே பாட்டில்.

"மூணு மாசத்துக்கு ஜாக்கிரதையா இருக்கணுங்க. பழசு உள்ளயே தங்கியிருக்கும்."

இந்தத் தடவை சுட்டது மாடசாமியின் காது. குழந்தைவேலுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அந்த மூணு மாசத்துல..." என்று ஆரம்பித்தான். "அந்த மூணு மாசத்துல புள்ள தரிக்குமாங்க?"

"தரிக்குங்க. அதுக்குத்தான இவ்வளவும் சொல்றேன். சோதனையில இல்லைன்னு வர்ற வரைக்கும் ஆபரேஷன் ஆகாத மாதிரிதான்."

"போன வருஷமும் இத சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொல்றேனே. நீங்க கூட தலையாட்டிட்டு ஓடினீங்களே, எனக்கு ஞாபகம் இருக்கு" என்று கஸ்தூரியம்மாள் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

குழந்தைவேல் பாட்டிலைக் கையில் எடுத்தான். தனக்குத் தெரியாமல் போயிற்று என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை. அந்த முள் அன்றைக்கே நெருடியதுதானே? பெஞ்சில் வரிசையாகப் பெல்ட்டு ஆட்களும் பம்பு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் சாவைப் பேசிப் பேசி வாய் சலித்தவர்கள். அவர்கள் பக்கம் திரும்பினான்.

"இந்த பாட்டில எனக்கும் குடுத்தாங்க. வெக்கப்பட்டுக்கினு கொண்டுபோய் வூட்டுல வச்சிட்டேன். அவ எண்ண ஊத்தி வச்சா. டாக்டரம்மா கேட்டப்ப குடுத்துட்டேன்னு பொய் சொன்னேன். அவ வயித்துல இருந்தது எம் புள்ள. எம் பொண்டாட்டி ஒரு தப்பும் பண்ணல. கேட்டுக்கங்க, ஒரு தப்பும் பண்ணல!"

கடைசி வார்த்தை கூச்சலாக வந்தது. கேம்ப் நடத்துகிற ஆள் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்தார். "ஏம்ப்பா, இங்க நின்னு இதெல்லாம் பேசலாமா? ஆளுங்க எழுந்து போயிடுவாங்க, வெளிய வாப்பா" என்று நைச்சியமாகத் தள்ளிக்கொண்டு போனார். நிஜமாகவே இரண்டு பேர் எழுந்து போனார்கள். மாடசாமி தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்தான். பின் வாசலில், முருங்கை மரத்துக்கு அப்பால் வெயில் விழுகிற இடத்தில், அந்தப் பாட்டில் இருந்தது. தைப் பனிக்கு எண்ணெய் உறைந்து அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ருக்குமணி பக்கத்தில் சீப்போடு உட்கார்ந்து அது உருகக் காத்திருந்தது.

"இன்னுமா அந்த எண்ண இருக்கு?"

"அம்மா ஊத்தி வச்சதுப்பா. நல்ல நாளு வந்தா மட்டும் துளி எடுத்துப்பேன். இன்னிக்கி வெள்ளிக்கெழம."

அவன் ருக்குமணியின் முன்னால் மண்ணில் உட்கார்ந்தான். ஊருக்குச் சொல்லிவிட்டு வந்தாகிவிட்டது. இதனிடம் சொல்வதுதான் முடியாது போலிருந்தது.

"ருக்கு, அம்மா வயித்துல இருந்தது ஒன்னோட தம்பி. என்னோட புள்ள. யாரு எது கேட்டாலும் அப்பிடி சொல்லு."

"எனக்குத் தெரியுமே" என்றது அது, சாதாரணமாக.

"யாரு சொன்னா?"

"அம்மாதான். எங்கிட்ட சொல்லுச்சி." சீப்பை மடியில் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தது. "ஒங்கிட்டயும் சொல்லுச்சிதானப்பா?"